ஓட்டையைப் பூசிவிட்ட கப்பல்

கீழ்வீட்டு ஐயாவும் நானும் பன்னிரண்டு வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தும், "பொன்சூர்", "மெர்சி" என்ற வணக்கம், நன்றி இரண்டுக்கும் மேலே ஒரு சொல் பேசியதில்லை. ஒரு தட்டு மட்டும் எங்களுக்கிடையில் போய் வந்துகொண்டிருந்தது.

நான் வீட்டில் கேக் செய்து கொடுக்கிறவள். பாரிசில் எங்கள் ஆட்கள் கூடியிருக்கிற லாச்சப்பலில் பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். கேக்கை வெட்டிச் சீராக்கும்போது மிஞ்சுகிற ஓரத்துண்டுகளைத் தட்டில் அடுக்கி, பையில் போட்டு, ஐயாவின் கதவுப் பிடியில் கொளுவிவிட்டுப் படியேறிவிடுவேன். கதவைத் தட்ட மாட்டேன். தட்டினால் திறப்பார், திறந்தால் கதைக்க வேண்டிவரும். சின்ன வயதிலிருந்தே நாலு பேருக்கு முன்னால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போகாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த நாள் அந்தப் பை என் கதவுப் பிடியில் தொங்கும். தட்டு கழுவித் துடைத்து இருக்கும். அதற்குள் ஒரு தோடம்பழமோ, இரண்டு சொக்கிலேற்றோ கிடக்கும். ஒருமுறை ஒரு பெரிய உள்ளிப்பூடு கிடந்தது. வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் பழக்கம். அதை ஒரு வெள்ளைக்காரருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

ஐயா பிரெஞ்சுக்காரர் இல்லை, இங்கிலாந்துக்காரர். இரண்டாவது உலக யுத்தத்தில் கப்பற்படையில் இருந்துவிட்டு, பிறகு ஒரு பாரிஸ் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். கார் து நோர் ரயில் ஸ்டேசனில் பயணச்சீட்டுக் கொடுக்கிற வேலை செய்தவராம். மனைவி காலமாகிவிட்டா. முற்றத்தைப் பார்த்த கீழ்வீட்டில் ஒரு கதிரையும் ஒரு றேடியோவுமாக இருந்தார்.

போன வருடம் வைகாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐயாவின் மகள் என் வீட்டுக்குப் படியேறி வந்தா. அவவுக்கே எழுபது வயது கிட்ட இருக்கும். நல்ல காலம், என் மகள் லா கூர்னெவிலிருந்து அன்றைக்கு வந்திருந்தாள். அவள்தான் எனக்குப் பிரெஞ்சைத் தமிழாக்கிச் சொல்லுகிறவள்.

"அம்மா, ஐயாவுக்கு அடுத்த மாதம் நூறு வயசாம். கீழை முற்றத்திலை வைச்சுக் கொண்டாடப் போயினமாம். கேக் நீங்கள்தான் செய்யோணுமாம், வேறை ஆரும் வேண்டாமாம்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "செய்யலாம் எண்டு சொல்லு பிள்ளை. என்ன மாதிரி? பூ வைச்சோ?"

"பூ இல்லை. கப்பல்."

ஐயாவின் மகள் கைத்தொலைபேசியில் ஒரு பழைய படத்தைக் காட்டினா. விமானம் ஏறி இறங்குகிற கப்பல். மேலே ஒரு கூரையும் இல்லை, முழுக்கத் தட்டை. வலப்பக்க ஓரத்தில் மட்டும் ஒரு கோபுரம். கப்பலைத் திருத்துவதற்காகத் தண்ணீர் இல்லாத துறையில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அதன் வயிற்றில், கோபுரத்துக்குக் கீழே, ஒரு ஓட்டை. ஓட்டை என்றால் சும்மா ஓட்டை இல்லை. ஒரு பஸ்ஸை உள்ளே விடலாம். இரும்புத் தகடு வாழையிலை கிழிந்த மாதிரிக் கிழிந்து உள்ளே மடிந்திருந்தது. அதற்குள் மூன்று பெடியங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"தண்ணிக்குள்ளாலை ஓடிவாற குண்டு இருக்கெல்லோ அம்மா, டோர்ப்பிடோ, அது அடிச்ச ஓட்டை. நடுவிலை நிக்கிறது ஐயா."

"அட!" என்று நான் படத்தை இன்னும் கிட்டப் பிடித்தேன். மெலிந்த, காது நீட்டின ஒரு பெடியன்.

ஐயாவின் மகள் இன்னும் ஏதோ நீளமாகச் சொன்னா. என் மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"மெழுகுதிரி வேண்டாம், பேர் எழுத வேண்டாமாம். ஐயா கேட்டது ஒண்டே ஒண்டுதானாம், இந்த ஓட்டை. இவ்வளவு காலமும் அவர் இந்தக் கதையைப் பிள்ளையளுக்குக்கூடச் சொன்னதில்லையாம். கேட்டால், எனக்குச் சொல்ல வராது எண்டிடுவாராம். இந்தமுறை தானாவே சொன்னாராம், ஓட்டையைச் செய்து தாங்கோ, அதைக் காட்டிக் காட்டிச் சொல்லுறன் எண்டு." பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஓட்டை அம்மா. மறந்துபோகாதேங்கோ."

"ஓம்" என்றேன். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஓம் என்று என் வாயால்தான் சொன்னேன்.

வேலை நாலு நாள் இழுத்தது. பன்னிரண்டு பட்டர் கேக் அடித்தேன். என் புருசனின் தமக்கை, என் மச்சாள், என்னோடுதான் இருக்கிறா. ஐசிங் குழைப்பதும் எனக்கும் சேர்த்துக் கதைப்பதும் அவவின் வேலை. பழைய அலுமாரிக் கதவொன்றைக் கழற்றிக் கழுவி, வெள்ளித்தாள் சுற்றி, அதன் மேல் கேக்குகளை நீளத்துக்கு அடுக்கி, கப்பலின் முனையைக் கத்தியால் செதுக்கினேன். மேல்தட்டு அடிப்பாகத்தை விட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், படத்தில் அப்படித்தான் இருந்தது.

"இதென்ன மச்சாள், கப்பலோ உடுப்பு அயன் பண்ணி மினுக்குற மேசையோ?" என்று மச்சாள் கேட்டா.

"பொறுங்கோ, கோபுரம் வைச்சாப் பிறகு தெரியும்."

கோபுரம் வைத்தேன். "இப்ப மேசையும் அதிலை வைச்ச மினுக்கிப் பெட்டியும்" என்றா.

பாதாம் மாவில் பதினாறு விமானம் உருட்டிச் செட்டை வைத்தோம். அவ செய்த எட்டும் பண்டத்தில் மொய்க்கிற இலையான் மாதிரி இருந்தன. நான் செய்த எட்டும் தும்பி மாதிரி இருந்தன. கறுப்பும் கொஞ்சம் நீலமும் விட்டு ஐசிங்கைச் சாம்பல் நிறமாக்கி முழுவதும் பூசி முடிக்க, அலுமாரிக் கதவில் உண்மையாகவே ஒரு கப்பல் நின்றது. இரண்டு பேரும் கட்டிலில் இருந்து அதையே பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். அப்படி ஒரு சந்தோசம்.

கடைசி வேலையாக ஓட்டையை வைத்தேன், கொண்டாட்டத்தன்று காலை. தேக்கரண்டியால் வயிற்றைக் கிண்டி, ஐசிங் ஓரங்களை உள்ளே மடித்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தேன். படத்தில் இருந்தது போலவே பயங்கரமாக இருந்தது.

மச்சாள் முழுகி, நெற்றி நிறையத் திருநீறும் பூசிக்கொண்டு வந்தா. வந்தவ அப்படியே நின்றா.

"என்ன காரியம் செய்து வைச்சிருக்கிறீர்? நூறு வயசு மனுசனுக்கு ஓட்டைக் கப்பலோ குடுக்கப் போறீர்?"

"அவை கேட்டவை மச்சாள். அதுக்குத்தானே இவ்வளவும்."

"கேப்பினம். காய்ச்சல்காரன் ஐஸ்கிறீம் கேட்டாலும் குடுப்பீரோ? பிறந்தநாளும் அதுவுமா உடைஞ்ச சாமானை முன்னுக்கு வைக்கிறதோ? நாளைக்கு அந்தாளுக்கு ஒண்டு நடந்தா ஆரின்ரை தலையிலை விழும்?"

"கதை சொல்லப் போறார் எண்டவை..."

"கதை வாயாலை சொல்லுறது. அதுக்கு ஓட்டை ஏன்?"

வாயால் மட்டும் சொல்லத் தெரியாத ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அவவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் வீடுதான். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் ஷெல் துண்டு பட்டு, தலையை நுழைக்கிற அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தது. விடிந்ததும் விடியாததுமாக மச்சாள் எங்கேயோ போய் அரை வாளி சீமெந்து கொண்டுவந்து, தானே குழைத்துப் பூசினா. அடுத்த நாள் என் மகளுக்கு முதலாவது பிறந்தநாள். "வாற சனம் ஓட்டையைப் பாத்துக்கொண்டோ பாயாசம் குடிக்கிறது?" என்று கேட்டா. எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். கூரையில் பட்டால் கிடுகு, சுவரில் பட்டால் சீமெந்து, அதற்குப் பிறகுதான் அடுப்பு. ஓட்டை என்றால் அடைக்க வேண்டிய ஒன்று. அதற்கு மேலே எங்கள் இரண்டு பேருக்கும் யோசனை போகவில்லை.

கிண்டியெடுத்த கேக்கை உள்ளே வைத்து அமத்தி, மேலே ஐசிங் பூசி, சுடுதண்ணீரில் தோய்த்த கத்தியால் இழுத்தேன். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. எனக்கு என் கைவேலையில் பெருமையாகக்கூட இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"இப்பதான் கப்பல்" என்றா மச்சாள். போதாதென்று கறுத்த ஐசிங்கில் விரலைத் தோய்த்து, அந்த இடத்திலேயே ஒரு பொட்டும் வைத்தா. "நூறு வயசெண்டாக் கண்படும்."

பின்னேரம் மூன்று மணிக்குக் கப்பலைக் கீழே இறக்கினோம். அலுமாரிக் கதவின் நாலு மூலையையும் நாலு பேர் பிடித்தார்கள். மச்சாள் முன்னால் நடந்துகொண்டு, "வலம் உயத்துங்கோ, இடம் பதியுங்கோ" என்று தமிழில் கட்டளை போட்டா. பிடித்தவர்களில் மூன்று பேர் பிரெஞ்சுக்காரர்கள், ஆனாலும் சரியாகத்தான் இறக்கினார்கள். வழமையாகக் கேக்கை ஒப்படைத்ததோடு நான் வீட்டுக்குள் போய்விடுவேன். அன்றைக்கு மகள் என் கையை விடவில்லை.

முற்றத்தில் நல்ல வெயில். மேசையில் பிரெஞ்சுக்காரரின் நீட்டு ரொட்டிப் பாண், சீஸ், பழம், பிள்ளைகள் குடிக்கிற, புதினா வாசம் அடிக்கிற பச்சை மிந்தா சர்பத். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று முப்பது பேர் வரை நின்றார்கள். தெருவுக்கு மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் போகிற சத்தம் இடைக்கிடை வந்தது. ஐயா வெள்ளைச் சட்டையும் நீலக் கழுத்துப்பட்டியும் கட்டி, நடுவில் கதிரையில் இருந்தார்.

துணியை எடுத்தோம். எல்லாரும் "ஓ" என்று கை தட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் விமானங்களை எண்ணத் தொடங்கினார்கள். ஐயா ஊன்றுகோலைப் பிடித்து எழும்பி வந்து, முகத்தைக் கப்பலுக்குக் கிட்டக் கொண்டுபோனார். கோபுரத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். பிறகு அதற்குக் கீழே வயிற்றுப்பக்கமாக ஒரு விரலை மெதுவாக ஓட்டினார். முன்னுக்குப் போனார், பின்னுக்கு வந்தார். திரும்ப முன்னுக்குப் போனார்.

அவர் தேடுகிறது என்னவென்று எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"மிக அழகு மதாம், மெர்சி" என்று எனக்குச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்து, இரண்டு கையையும் ஊன்றுகோலின் மேல் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது.

ஐயாவின் மகள் குனிந்து ஏதோ கேட்டா. அவர் தலையை ஆட்டினார். "வெட்டுங்கள், சாப்பிடுவோம்" என்கிறார் என்று என் மகள் என் காதுக்குள் சொன்னாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னம்மா இது! ஓட்டை எங்கை?"

"மாமிட்டைக் கேள்" என்றேன், கோழை மாதிரி.

"என்னட்டைக் கேக்க என்ன இருக்கு?" என்று மச்சாள் முன்னுக்கு வந்தா. "அவருக்குச் சொல்லு பிள்ளை, எங்கடை ஆக்கள் பிறந்தநாளிலை உடைஞ்சதைக் காட்ட மாட்டினம் எண்டு. ஷெல் விழுந்தாலும் பூசிப்போட்டுத்தான் பாயாசம் குடிப்பம் எண்டு சொல்லு. அவர் நல்லா இருக்கோணும் எண்டு பூசினது. கண்படாமல் பொட்டும் வைச்சிருக்கு."

என் மகள் சிவந்த முகத்தோடு அதை முழுவதும் பிரெஞ்சில் சொன்னாள். ஐயா காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார். பொட்டுக் கதை வந்த இடத்தில், அவருடைய தோள் குலுங்கியது. நான் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறார்.

"அந்தப் பொட்டு அண்டைக்கு எங்கடை கப்பலிலை இருந்திருக்கோணும் எண்டுறார் மாமி."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஐயா சிரித்து முடிந்ததும் திரும்பக் கையை ஊன்றுகோலில் வைத்துக்கொண்டார். சிரிப்பு வேறு, கதை வேறு. கதை இன்னும் அவருக்குள்ளேயேதான் இருந்தது. நூறு வயதில் ஒரு மனிதன் ஒருநாள் வாய் திறக்கிறேன் என்று சொன்னதை நாங்கள் இரண்டு கிழவிகள் ஐசிங் பூசி அடைத்துவிட்டோம்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. மேசையில் கிடந்த கேக் கத்தியை எடுத்தேன். ஐயாவுக்கு முன்னால் போய் நின்றேன். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா," என்றேன். "ஊ?"

எங்கே என்று கேட்டேன். அதுதான் நான் அவருக்குச் சொன்ன மூன்றாவது பிரெஞ்சுச் சொல்.

அவர் என்னை ஒருக்கால் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். பிறகு எழும்பினார். இந்தமுறை ஊன்றுகோலைக் கதிரையிலேயே விட்டுவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு வந்து, மச்சாளின் பொட்டுக்கு இரண்டு விரல் கீழே தொட்டுக் காட்டினார். "இஸி," இங்கே என்று.

வெட்டினேன். மச்சாள், "முருகா, முருகா" என்று கண்ணை மூடிக்கொண்டா. பூசியதெல்லாம் கட்டியாகக் கழன்று வந்தது. "பெரிசு, இன்னும் பெரிசு" என்று ஐயா கையால் காட்டினார். நான் கிண்டக் கிண்ட, அவர் கதைக்கத் தொடங்கினார். என் மகள் தமிழாக்கினாள்.

"குண்டு அடிக்கேக்கை நாங்கள் மூண்டு பேர் இந்த அறைக்கு அடுத்த அறையிலை. சத்தம் கேட்ட ஞாபகம் இல்லையாம். கால்தான் முதல் அறிஞ்சதாம். நிலம் மேலை எழும்பி அடிச்சதாம். பிறகு லைட் நிண்டு போச்சுதாம். தண்ணி இந்த அறையை நிரப்பிப்போட்டு, நடுச் சுவரைத் தள்ளுதாம். இரும்புச் சுவர் பால் பொங்கின மாதிரி எங்களைப் பாத்து ஊதிக்கொண்டு வருதாம்."

பால் பொங்கினது என்பது மகள் தானாகச் சேர்த்ததாக இருக்கும். ஆனால் எனக்கு அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. பூட்டப்பிள்ளைகள் விமானத்தை விட்டுவிட்டு ஓட்டையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் மச்சாள் கத்தினா. "ஐயோ, கப்பல் சரியுது!"

உண்மைதான். வெயிலில் பட்டர் இளகிவிட்டது. வலப்பக்கத்து வயிற்றைக் கிண்டி எடுத்தாயிற்று. கோபுரமும் அந்தப் பக்கம்தான். மேல்தட்டு மெல்ல மெல்ல ஓட்டைப் பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு இலையானும் ஒரு தும்பியும் வழுக்கி மேசையில் விழுந்தன. நான் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். அவமானத்தில் அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஐயா மட்டும் கையைத் தட்டிச் சத்தம் போட்டார். "இதுதான்! இப்பிடித்தான்! இவ்வளவு சரிவுதான்!" மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "கோப்பை எல்லாம் மேசையாலை வழுக்கிப் போச்சுதாம் அம்மா. மேலை நிண்ட பிளேன்களும் இப்பிடித்தானாம் கடலுக்குள்ளை விழுந்தது. விடாமல் பிடியுங்கோ எண்டுறார். மரம் வேணுமாம்."

"என்ன மரம்?"

"சுவருக்கு முண்டு குடுக்க. அதுதானாம் அவையின்ரை வேலை. மரத்தைக் குறுக்கை வைச்சு, ஆப்பு அடிச்சு, சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது."

அவர் மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நீட்டுப் பாணை எடுத்தார். அதைக் கையால் முறித்து, நேராக வந்து, ஓட்டைக்குள் செங்குத்தாக நிறுத்தினார்.

"கேக்குக்குப் பாணோ!" என்றா மச்சாள். ஆனால் அடுத்த துண்டை முறித்துக் கொடுத்தது அவதான்.

பாண் கொஞ்சம் கட்டையாக இருந்து, மேலே எட்டவில்லை. "ஆப்பு, ஆப்பு" என்று ஐயா விரலைச் சொடுக்கினார். நான் பிடித்த கையை விடாமல் தலையால் சீனிக்கட்டிகளைக் காட்டினேன். மச்சாள் ஒவ்வொன்றாக எடுத்துத் தர, ஐயா அதைப் பாணுக்குக் கீழே வைத்து, கரண்டிக் காம்பால் மெதுவாகத் தட்டினார். டொக், டொக். நூறு வயதுக் கை. ஆனால் தட்டுகிற இடம் தவறவில்லை. தட்டிக்கொண்டே சொன்னார், எத்தனை மணித்தியாலம் அப்படித் தட்டினோம் என்று தெரியாது, மெத்தை, கதவு, கதிரைக்கால் என்று கைக்கு வந்ததெல்லாம் வைத்து முண்டு கொடுத்தோம், சுவர் ஊதினது நின்றுவிட்டது என்று. குண்டு பட்ட பக்கத்து அறையில் இருந்தவர்கள் வெளியே வரவில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் தட்டுவதை நிறுத்தினார். மகள் அந்த வசனத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். ஐயாவின் மகள் அவருடைய முதுகில் கையை வைத்தா.

பிறகு அவரே தலையை நிமிர்த்தி, "இப்ப நிமித்தோணும்" என்றார்.

"எப்பிடி?" என்று என் மகள் தமிழாக்காமல் தானே கேட்டுவிட்டாள்.

ஓட்டையில்லாத பக்கத்து அறைகளுக்குள் கடலை வேண்டுமென்றே திறந்துவிட்டார்களாம். இந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் ஏறினதோ, அந்தப் பக்கமும் அவ்வளவு ஏற்றினால் கப்பல் நிமிருமாம். அதைக் கேட்டு மச்சாளுக்கு நம்பிக்கை வரவில்லை. "தாழுற கப்பலுக்குள்ளை தண்ணி விடுறதோ? என்ன விசர்க்கதை!"

"அண்டைக்குத் தானும் அப்பிடித்தான் சொன்னதாம் மாமி. இதே சொல்லாம்."

ஐயாவின் கண் மேசையில் மிந்தா சர்பத்தில் போய் நின்றது. போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் மச்சாளைப் பார்த்தேன். பிறகு ஒரு கையை விட்டுவிட்டு, கத்திமுனையால் இடப்பக்கத்துக் கேக்கில் வரிசையாகக் குத்தி, சர்பத்தை ஊற்றினேன். கேக் அதைப் பச்சையாகக் குடித்தது. பூட்டப்பிள்ளைகள் மிச்ச விமானங்களை எல்லாம் இடப்பக்கத்து ஓரத்துக்குத் தள்ளினார்கள். "ஊத்துங்கோ, ஊத்துங்கோ" என்று மச்சாளே இப்போது கத்தினா. அரைப் போத்தல் போய்விட்டது.

"கையை விடச் சொல்லுறார் அம்மா."

விட்டேன். கப்பல் நின்றது.

முண்டு கொடுத்த பாணாலே நின்றதோ, பச்சைக் கடலாலே நின்றதோ, எனக்குத் தெரியாது. கொஞ்சம் சரிவாகத்தான் நின்றது என்று நினைக்கிறேன். ஆனால் முற்றத்தில் எழுந்த கைதட்டலில், பாலத்தில் போன மெத்ரோவின் சத்தமே கேட்கவில்லை. மேல்மாடி யன்னல்களிலும் தலைகள் தெரிந்தன. ஐயா என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். என் விரல் முழுக்க ஐசிங், அவருடைய சட்டைக் கைமடிப்பெல்லாம் சாம்பல் நிறம்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. சரிந்த கப்பலை எப்படி மெதுவாகத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள், கரையில் காலை வைத்தபோது கரைதான் ஆடியது, திருத்துகிற துறையில் தண்ணீரை இறைத்த பிறகுதான் அந்த ஓட்டையின் பருமனைக் கண்டு மூன்று பேருக்கும் கை நடுங்கியது, படம் எடுக்கும்போது நடுக்கம் தெரியாமலிருக்கத்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றோம் என்று எல்லாம் வந்தது. பூட்டப்பிள்ளைகளில் ஒருத்தி, "அப்ப நீங்கள் பயந்தவரோ?" என்று கேட்டாள். "இன்னும் பயம்தான்" என்றார். ஐயாவின் மகள் அழுது அழுது சிரித்துக்கொண்டு, எழுபது வயதில் தகப்பனுக்கு முன்னால் நிலத்தில் காலை மடக்கி இருந்துவிட்டா.

மச்சாள் என் பக்கத்தில் வந்து முழங்கையால் இடித்தா. "பூசினது பிழைதான் மச்சாள்" என்றா. நாற்பத்தைந்து வருடத்தில் அவ வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அடுத்த மூச்சிலேயே, "ஆனா பொட்டு வைச்சது சரி. பாரும், ஆள் எவ்வளவு நல்லா இருக்கிறார்" என்றா.

கேக்கை வெட்டுகிற நேரம் வந்தது. ஓட்டைப் பக்கத் துண்டுதான் ஐயாவுக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். நான் கத்தியை வைத்தேன். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டி, மற்றப் பக்கத்தைக் காட்டினார். சர்பத்தில் ஊறிச் சொதசொதத்துப் போன பச்சைப் பக்கம்.

"அதுதான் வேணுமாம். கப்பலை நிமித்தினது அந்த அறையள்தானாம். அதை ஒருத்தரும் படம் எடுக்கேல்லையாம்."

பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்தேன். அது தட்டில் நிற்க மாட்டாமல் குழைந்து படுத்தது. மச்சாள் ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "பற்பசை மாதிரிக் கிடக்கு, அந்தாளுக்கு உதைக் குடாதையும்" என்று என் காதுக்குள் சொன்னா. நான் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு கதிரையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். ஐயா ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தார். கண்ணை மூடி விழுங்கினார். இன்னொரு கரண்டி அள்ளினார். வாய் முழுக்கப் பச்சையோடு, எனக்குப் பிரெஞ்சு விளங்காது என்பதையும் மறந்து, என் பக்கம் திரும்பி அடுத்த கதையைத் தொடங்கினார். நானும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.